சின்னக் குடும்பத்துக்கு அடுத்த வாஷிங் மெஷின்: பழையது நின்ற நாளிலிருந்து புதியதின் முதல் சலவை வரை

ஸ்பின் ஓடும்போது பழைய மெஷின் விமானம் கிளம்புவது மாதிரி இரையத் தொடங்கியதும், அன்று மாலையே கடையில் போய் நின்றேன். ஒரு மணி நேரத்தில் 9 கிலோ மெஷின் ஒன்றுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். "பெருசா இருந்தா நல்லதுதானே" என்ற ஒற்றை யோசனைதான் அதற்குக் காரணம்.

வந்த மெஷின் வைக்க நினைத்த மூலையைவிட 3 சென்டிமீட்டர் ஆழம் கூடுதல். குளியலறைக் கதவு அதன்பிறகு முழுதாகத் திறக்கவே இல்லை. டிரம் நிறையட்டும் என்று துணி சேர்த்தால் ஈரத் துண்டுகள் நாற்றம் பிடித்தன. நிறையாமல் ஓட்டினால், ஒற்றைப் போர்வையை உள்ளே உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு ஸ்பின் போடாமலே நின்றுவிடும். மெஷின்மேல் குற்றமில்லை. துணியையும் இடத்தையும் அளக்காமல் போன ஆள் நான்தான்.

அடுத்த முறை மாற்றியபோது செய்த வேலைகளை அதே வரிசையில் கீழே எழுதுகிறேன். ஒருவர் முதல் மூன்று பேர் வரை இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். கடைக்குப் போவது ஏழாவது படியில்தான் வரும். அதற்கு முந்தைய ஆறும் வீட்டிலேயே முடிகிற வேலை.

படி 1: பழையது நிஜமாகவே போய்விட்டதா?

வாஷிங் மெஷின் நின்றுபோகும் காரணங்களில் பாதி சில்லறைக் காரணங்கள். தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, ஸ்பின்னும் வரவில்லை என்றால் முதலில் டிரெயின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான ஃபிரண்ட் லோட் (கதவு முன்னால் இருக்கும்) மெஷின்களில் முன்பக்கம் கீழே சின்னதாக ஒரு மூடி இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு தட்டையான தட்டை வைத்துவிட்டு மெதுவாகத் திருகினால் நாணயம், ஹேர்பின், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் வெளியே வரும். தண்ணீர் போகாதவரை மெஷின் ஸ்பின் போடாது. அதனால் ஸ்பின் கோளாறு மாதிரித் தெரிவது பல நேரம் அடைப்புதான்.

தண்ணீரே ஏறவில்லை என்றால், குழாய் மாட்டும் இடத்தில் உள்ள சின்ன வலை மண்ணடைந்திருக்கலாம். மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் கழன்றிருக்கலாம். பழைய வகை மோட்டாரில் பொறி பறந்து, கருகிய வாடை வந்தால், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது தேய்வதற்காகவே வைத்த பாகம். கதவு லாக், பம்ப், ஹீட்டர் ஆகியவையும் தனியாக மாற்றக்கூடியவைதான்.

பெரிய நோய்கள் இரண்டு. ஒன்று பேரிங், அதாவது டிரம் சுழலும் அச்சைத் தாங்கும் உருளை வளையம். காலி டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டிரம் மட்டும் தனியே லொடலொடவென்று ஆடினாலோ, கையால் சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் போயிருக்கிறது. பல புதிய மெஷின்களில் வெளித்தொட்டியை ஒரே துண்டாக ஒட்டிவிடுகிறார்கள். பேரிங்கை மாற்ற வேண்டுமானால் தொட்டியையே மாற்ற வேண்டும். இன்னொன்று மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டு. மெஷினின் விலையில் கணிசமான பங்கை அது ஒன்றே கேட்கும்.

என் கணக்கு இது: மெஷினுக்கு ஐந்து வயதுக்குள் என்றால், புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை செலவழித்துப் பழுது பார்க்கலாம். எட்டு, ஒன்பது வயதைத் தாண்டி பேரிங்கோ போர்டோ போனால் விட்டுவிடலாம்.

விடுவதென்று முடிவானாலும் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "எதனால போச்சு?" ஹீட்டரில் வெள்ளையாகக் கல் கட்டியிருந்தால் உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். போர்டு எரிந்திருந்தால் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பேரிங் சீக்கிரமே போயிருந்தால் அளவுக்கு மீறித் துணி திணித்திருக்கலாம், அல்லது மெஷின் சாய்ந்து நின்றிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் எந்த மெஷினை வாங்கினாலும் அதற்கும் அதே கதிதான்.

படி 2: துணியை எடை போடுங்கள்

சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உடல் எடை பார்க்கும் மெஷினில் அழுக்குத் துணிப் பையோடு ஒருமுறை ஏறுங்கள், பையில்லாமல் ஒருமுறை ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு சலவைக்கு முன்பும் இதைச் செய்து காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

எடை போட முடியாதவர்களுக்கு ஒரு தோராயம்: சட்டை 200 முதல் 250 கிராம், டி-ஷர்ட் 150 முதல் 200, ஜீன்ஸ் 600 முதல் 800, குளியல் துண்டு 500 முதல் 700, இரட்டைக் கட்டில் விரிப்பு முக்கால் கிலோ. எல்லாமே காய்ந்த எடை. மெஷினில் எழுதியிருக்கும் 6 கிலோ, 7 கிலோ என்பதும் காய்ந்த துணியின் எடைதான், ஈரத் துணியின் எடை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு பேருக்கு ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டையும் டி-ஷர்ட்டும் பத்து, சுமார் 2 கிலோ. பேன்ட் நான்கு, இரண்டரை கிலோ. உள்ளாடை, சாக்ஸ் ஒரு கிலோ. துண்டு இரண்டு, ஒரு கிலோ. விரிப்பும் தலையணை உறைகளும் ஒரு கிலோ. மொத்தம் ஏழரை கிலோ. வெள்ளை, கலர் என்று இரண்டு தடவையாகப் போட்டால் தடவைக்கு நாலு கிலோகூட வராது. 6 கிலோ மெஷின் இதற்குத் தாராளம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷினில் எழுதியிருக்கும் கிலோ, காட்டன் புரோகிராமுக்கு மட்டும்தான். சிந்தெடிக் புரோகிராமில் கிட்டத்தட்ட அதில் பாதிதான் போடலாம். கம்பளிக்கும் மெல்லிய துணிக்கும் பெரும்பாலும் 2 கிலோவுக்குள். துரித வாஷுக்கும் அப்படியே. உங்கள் துணியில் பாதிக்கு மேல் சிந்தெடிக் என்றால் 6 கிலோவிலிருந்து 7 கிலோவுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டாம் என்பேன். கைக்குழந்தை வந்தால்? துணியின் எடை பெரிதாக ஏறாது, துவைக்கும் தடவைதான் ஏறும். அதற்குப் பெரிய டிரம் எதுவும் செய்யாது.

"கனமான ரஜாயை (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) எங்கே துவைப்பது?" என்பதுதான் எல்லோரையும் 9 கிலோவுக்குத் தள்ளும் கேள்வி. வருடத்துக்கு இரண்டு முறை அதை வெளியே சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். மீதி 363 நாளும் உங்கள் அளவுக்கு ஏற்ற மெஷினோடு நிம்மதியாக இருக்கலாம்.

படி 3: டேப்பை எடுங்கள்

சாதாரண ஃபிரண்ட் லோட் மெஷினின் அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 85. அதனால் எல்லா மெஷினும் ஒரே அளவு என்று நினைக்கத் தோன்றும். ஆழம்தான் ஏமாற்றும். 40லிருந்து 65 வரை இருக்கும். விளம்பரத் தாளில் பல சமயம் உடம்பின் ஆழத்தை மட்டும் போட்டிருப்பார்கள். கதவின் புடைப்பையும் பின்னால் ஹோஸ் வளைய வேண்டிய 5 முதல் 10 சென்டிமீட்டரையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டாப் லோட் (மேலே மூடி திறக்கும் வகை) என்றால் மூடியைத் திறந்த நிலையில் உயரத்தை அளக்க வேண்டும். மேலே அலமாரியோ குழாயோ இருந்தால் மூடி பாதியில் இடிக்கும்.

மெஷினின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அது சுவரில் முட்டுமா என்றும் பாருங்கள்.

அப்புறம் வழி. வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட், குளியலறை நிலை இவற்றில் எது மிகக் குறுகலோ அதன் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரண்ட் லோட் மெஷினுக்குள் அதிர்வை அடக்க கான்கிரீட் எடைக் கட்டி வைத்திருப்பார்கள். மொத்தம் 60, 70 கிலோ இருக்கும். திருப்பத்தில் மாட்டினால் தலைக்கு மேல் தூக்கித் தப்பிக்க முடியாது.

படி 4: தண்ணீர், கரண்ட், வடிகால்

தண்ணீர் வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 0.3 அல்லது 0.5 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). மெகாபாஸ்கலில் எழுதியிருந்தால் 0.03 அல்லது 0.05. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும். அதாவது, தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீராக இருந்தால், 0.3 பாருக்குத் தொட்டியின் நீர்மட்டம் மெஷினின் குழாயைவிட 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மேல்மாடியில், தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு இது கிடைக்காமல் போகலாம். நீங்களே சோதிக்க, மெஷினுக்கான குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் உஷாராகிவிடுங்கள். வாங்கப்போகும் மாடல் இந்த அழுத்தத்தில் ஓடுமா என்று கேட்க வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் ஒன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

குழாய் வாயில் வெள்ளைப் படிவு இருந்தால் அதே படிவு ஹீட்டரிலும் ஏறும். அதற்காக ஹீட்டர் உள்ள மெஷினைத் தவிர்க்க வேண்டியதில்லை. கையேடு சொல்லும் இடைவெளியில் படிவு நீக்கியைப் போட்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கடினத் தண்ணீரில் சலவைத்தூளும் கூடுதலாகத் தேவைப்படும்.

ஹீட்டர் ஓடும்போது மெஷின் 2,000 வாட்ஸ் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியர் அருகே. எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது.

வடிகாலில் உயரம் முக்கியம். பம்ப் உள்ள மெஷின்களில் டிரெயின் ஹோஸின் முனை பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் போட்டுவிட்டால், தண்ணீர் ஏற ஏறத் தானாகவே வெளியே ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் நிறையவே நிறையாது, நீங்கள் தண்ணீரை உள்ளே விடும் வால்வைக் குறை சொல்வீர்கள். சில டாப் லோட் மெஷின்களில் ஹோஸ் கீழேதான் இருக்க வேண்டும். உங்கள் வடிகால் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஃபிரண்ட் லோடா, டாப் லோடா?

இதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குனிய முடிந்த, தண்ணீர் வேகம் சரியாக உள்ள சின்னக் குடும்பத்துக்கு ஃபிரண்ட் லோட்தான் என் தேர்வு. அதில் துணி மேலே ஏறி கீழே விழுந்து விழுந்து வெளுக்கிறது. டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். 7 கிலோ மெஷின் ஒரு சலவைக்கு 40 முதல் 60 லிட்டரில் முடித்துவிடும். டாப் லோடில் துணி தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதால் நூறு லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். துணி முறுக்கிக்கொள்வதும் டாப் லோடில்தான் அதிகம்.

ஆனால் ஃபிரண்ட் லோடுக்கு என்று சில தொல்லைகள் உண்டு. சலவை ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று இழுக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பைத் துடைக்காமல் விட்டால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். நடமாட ஆரம்பித்த குழந்தை வீட்டில் இருந்தால் அதிலும் கவனம் தேவை.

முட்டி வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் யோசிக்காமல் டாப் லோடுக்குப் போகலாம். பாதியில் நிறுத்தி, மறந்த சட்டையை உள்ளே போடலாம். ஊறவைப்பது சுலபம், ஒரு மணி நேரத்துக்குள் வேலையும் முடியும். தண்ணீர் வேகம் குறைவான வீட்டிலும் சில டாப் லோட் மாடல்கள் சமாளிக்கும்.

துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்கைப் பழைய காலத்து மெஷின் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வாளியால் தண்ணீர் ஊற்றலாம், ஒரே சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணிக்குப் பின் கலர் துணியைப் போடலாம், போர்டு என்று ஒன்று பெரிதாக இல்லாததால் கெட்டுப்போவதும் குறைவு. தண்ணீரும் கரண்டும் நிச்சயமில்லாத இடத்தில் அது கெட்டிக்காரத்தனமான தேர்வு. ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடவே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் கூலி.

60 சென்டிமீட்டர் அகலம் இல்லாத வீடுகளுக்கு, 40 சென்டிமீட்டர் அகலத்தில் மேலே திறக்கும் ஒரு வகை இருக்கிறது. உள்ளே ஃபிரண்ட் லோட் மாதிரியே படுத்த டிரம். எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைத்தால் ஒருவர் இருவருக்கு அருமையான பொருள்.

வாஷரும் டிரையரும் ஒன்றாக உள்ளதை வாங்க நினைத்தால் இரண்டு எண்களையும் படியுங்கள். 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோதான் காயவைக்கும். முழுதாகத் துவைத்தால் பாதியைக் கையில் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயவைக்க வேண்டும். துணி காயப்போட இடமே இல்லாத வீடு தவிர மற்றவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

படி 6: எண்களைப் படிப்பது

ஸ்பின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று போட்டிருக்கும். 48 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 1,000 சுற்றில் துணியைப் புவியீர்ப்பைப்போல் சுமார் 270 மடங்கு விசையோடு சுவரில் அழுத்தும். 1,400 சுற்றில் 525 மடங்கு. வேகம் நாற்பது சதவீதம் ஏறினால் விசை இரட்டிப்பாகிறது. ஆனால் பலன் அப்படி ஏறாது. 5 கிலோ காட்டன் துணியில், 1,000 சுற்றுக்குப் பிறகு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீர் மிஞ்சும். 1,400க்குப் பிறகு இரண்டரை லிட்டர். அந்த அரை லிட்டர், வெயிலில் காயப்போடுபவருக்கு ஒன்றுமே இல்லை. அறைக்குள் கொடி கட்டுபவருக்கும் டிரையர் வைத்திருப்பவருக்கும் அது பெரிய விஷயம். வெயில் உண்டென்றால் 1,000, இல்லையென்றால் 1,200 என்பதே போதும். வேகம் கூடக்கூடத் துணியில் சுருக்கமும் மெஷினில் சத்தமும் கூடும்.

கரண்டில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்றினால் அரை யூனிட்டுக்கு மேல். மோட்டார் அதில் ஒரு சின்னப் பங்குதான். அதனால் மின்சேமிப்பு லேபிளில் ஒரு நட்சத்திரம் அதிகமா என்று பார்ப்பதைவிட, நீங்கள் எந்த வெப்பநிலையில் துவைப்பவர் என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கும். லேபிளைப் படிக்கும்போது அந்த எண் ஒரு சலவைக்கா, நூறு சலவைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

'ஈகோ' என்ற புரோகிராம் மூன்று மணி நேரம் காட்டினால் மெஷின் மக்கர் என்று எண்ண வேண்டாம். சூட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக நேரத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் கரண்ட் குறைகிறது.

வேகத்தைத் தேவைக்கேற்ப மின்னணு முறையில் மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் மோட்டாருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பேன். கார்பன் பிரஷ் கிடையாது, சத்தம் குறைவு. சத்தத்தை டெசிபலில் போட்டிருந்தால், 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்குபோலக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைச் சுவரை ஒட்டி மெஷின் நிற்கப் போகிறது என்றால் இந்த எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

புரோகிராம் பதினாறு இருந்தாலும் நீங்கள் ஓட்டப்போவது மூன்று. எனக்கு உண்மையிலேயே உதவியவை: கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, கூடுதல் அலசல், துணியின் அளவைப் பார்த்துத் தண்ணீரைக் குறைப்பது. கடைசியாகச் சொன்னது சின்னக் குடும்பத்துக்குக் கட்டாயம். வைஃபை? மெஷினுக்குள் துணி போட எப்படியும் நானே போக வேண்டியிருக்கிறது. பொத்தானையும் அமுக்கிவிட்டு வந்துவிடுவேன்.

படி 7: இப்போது கடைக்கு

கையில் துணியின் எடை, இடத்தின் அளவு, தண்ணீர் விவரம் மூன்றும் இருந்தால் மாடல்கள் தானாகவே நாலைந்தாகச் சுருங்கிவிடும். அவற்றின் கையேட்டை முன்னாலேயே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் படித்துவிடுங்கள்.

கடையில் டிஸ்பிளேயை விட்டுவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள். சலவைத்தூள் டிராயர் முழுதாகக் கழன்று வருகிறதா, கழுவ முடியுமா? டிரெயின் ஃபில்டரை நீங்களே திறக்க முடிகிறதா, சில மாடல்களில் மெக்கானிக் வந்தால்தான் திறக்குமா? கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரல் போகிறதா? கண்ணாடி இல்லாமல் எழுத்தைப் படிக்க முடிகிறதா?

வாரண்டியில்தான் கண்கட்டு. 'மோட்டாருக்கு 10 வருடம்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். மோட்டார் அபூர்வமாகத்தான் போகும். போவது போர்டு, பம்ப், பேரிங். முழு மெஷினுக்கும் எத்தனை வருடம், போர்டு அதில் சேருமா, ஆள் வரும் கூலி யாருடையது என்று கேளுங்கள். பதிலை பில்லிலோ வாரண்டித் தாளிலோ காட்டச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக்கு எந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் ஒழுங்காக வருகிறார் என்று பழைய மெஷினைப் பார்த்த மெக்கானிக்குக்குத் தெரியும். அவரிடம் கேட்பது கடைக்காரரிடம் கேட்பதைவிட உத்தமம்.

படி 8: வீட்டுக்கு வந்த நாள்

பழையதைத் தூக்கும் முன் அதன் ஃபில்டரைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரவேற்பறை முழுக்க அழுக்குத் தண்ணீர் கோலம்தான்.

ஃபிரண்ட் லோட் மெஷினின் பின்பக்கம் மூன்று, நான்கு நீளமான போல்ட்டுகள் இருக்கும். பயணத்தில் டிரம் ஆடாமலிருக்கப் போட்டவை. இவற்றைக் கழற்றாமல் ஸ்பின் போட்டால் மெஷின் தரையில் நடக்கும், முதல் நாளிலேயே உள்ளே அடிபடும். பொருத்த வந்தவர் அவசரத்தில் மறக்கலாம், அதனால் போல்ட்டுகளை உங்கள் கையில் வாங்கி எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், வீடு மாறும்போது மறுபடி தேவைப்படும்.

லெவல் பார்க்க, மெஷினின் எதிரெதிர் மூலைகளில் கை வைத்து மாற்றி மாற்றி அமுக்குங்கள். ஆடினால் காலைத் திருகிச் சரிசெய்து, அதன் லாக் நட்டையும் இறுக்க வேண்டும். துணி இல்லாமல் ஒரு முழுச் சலவை ஓடட்டும், உள்ளே இருக்கும் எண்ணெய் வாடை போய்விடும். அது ஓடும்போது பக்கத்திலேயே நின்று ஹோஸ் இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். கசிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும்.

அட்டைப் பெட்டியை அன்றே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே லேசான துணி, கனமான துணி, ஒற்றைப் போர்வை என்று மூன்று விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் குறை தெரிந்துவிட வேண்டும்.